விளம்பரத்தில் ஏறாத எடை

எஸ்கார்ட் தளம் ஒன்றில் புதிதாக விளம்பரம் கொடுக்கும் பெண் முதலில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். வயது, உயரம், எடை, மார்பளவு, இடையளவு, ஆடை எண் என்று அதில் கட்டங்கள் வரிசையாக வரும். அவற்றுக்குக் கீழே ‘உடல்வாகு’ என்ற தலைப்பில் மெலிந்தது, கட்டுடல், வளைவானது, பருத்தது என்பன போன்ற நான்கைந்து தேர்வுகள் இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டுமே அவள் குறிக்க முடியும். பாலியல் தொழிலாளர்களின் வேலைச் சூழலைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து இத்தகைய விளம்பரங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். எடைக்கான கட்டத்தில் ஐம்பதுகளில் உள்ள எண்களே மீண்டும் மீண்டும் கண்ணில் படுகின்றன. பல ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான் இருந்தன, இன்றும் அப்படித்தான் இருக்கின்றன. எஸ்கார்ட் என்று இங்கே நான் குறிப்பிடுவது, தாமாகவோ முகவர் வழியாகவோ விளம்பரம் செய்து, முன்பதிவின் பேரில் வாடிக்கையாளரைச் சந்திக்கும் வயதுவந்த பாலியல் தொழிலாளர்களை.

அவர்கள் வாழும் உலகத்தின் எடை இதே காலத்தில் நின்ற இடத்தில் நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் வயதுவந்தவர்களில் 250 கோடிப் பேர் அதிக எடையுடன் இருந்தனர். அவர்களுள் 89 கோடிப் பேருக்கு உடல் பருமன் இருந்தது. 1990-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால், வயதுவந்தவர்களிடையே உடல் பருமனின் விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. நீண்ட காலமாக மக்களை நேரில் நிறுத்து அளந்து வரும் அமெரிக்காவில், 1960-களின் தொடக்கத்தில் வயதுவந்த ஒரு பெண்ணின் சராசரி எடை ஏறத்தாழ 64 கிலோ. 2015-க்குப் பிந்தைய அளவீடுகளில் அது 77 கிலோ. உயரமோ பெரிதாகக் கூடவில்லை. பதின்மூன்று கிலோ கூடிவிட்ட ஒரு சமூகத்தில் விளம்பர எண் மட்டும் அசையாமல் இருப்பது ஏன் என்பதும், அந்த இடைவெளிக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதும் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் கேள்விகள்.

எஸ்கார்ட் தொழிலுக்கு வருபவர்களில் இளையவர்கள் அதிகம் என்பதால் சராசரி சற்றுக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டும் இந்த இடைவெளியை நிரப்பாது. எடையைக் குறைத்துச் சொல்வது இந்தத் தொழிலுக்கு மட்டும் உரிய பழக்கமும் அல்ல. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையவழித் துணை தேடும் 80 பேரை ஆய்வாளர்கள் நேரில் அழைத்து, தராசில் நிறுத்தி, அவர்கள் சுயவிவரத்தில் எழுதியிருந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 60 சதவீதத்தினரின் எடை பொருந்தவில்லை. வருமானம் எதையும் எதிர்பார்க்காத இடத்திலேயே நிலைமை இதுவென்றால், அந்த எண்ணை நம்பி வீட்டு வாடகை கட்ட வேண்டியவர் என்ன எழுதுவார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கும் மேலாக, தளத்தின் தேடுபொறி இருக்கிறது. வாடிக்கையாளர் ‘60 கிலோவுக்குள்’ என்று ஒரு வரம்பைக் குறித்துவிட்டால், 61 என்று உண்மையை எழுதிய பெண் அவர் கண்ணிலேயே படமாட்டார். அவருடைய படமும், அவர் எழுதியுள்ள அறிமுக வரிகளும், அவருக்குக் கிடைத்த நல்ல மதிப்புரைகளும் எதுவும் பயன்படாது. எனவே அந்தக் கட்டத்தில் எழுதப்படும் எண் உடலைப் பற்றிய தகவலாக இருப்பதை விட, தேடலில் தென்படுவதற்கான அனுமதிச் சீட்டாகவே இருக்கிறது. இத்தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கும் ஒரு தோழி என்னிடம் இதைப் பச்சையாகவே சொன்னார்: “எடையக் கேட்டு வர்றவங்க ரொம்பக் கம்மிங்க. ஆனா அந்தக் கட்டத்தக் காலியா விட்டா, நான் எதையோ மறைக்கிறேன்னு நினைச்சுக்குவாங்க. அதனால ஒரு நம்பரப் போட்டு வச்சிருக்கேன். படத்த மட்டும் அப்பப்ப மாத்திக்குவேன்.”

அவர் படத்தை மாற்றுவதற்குக் காரணம் இருக்கிறது. எண்ணுக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படும் இடம் அறையின் கதவுதான். வாடிக்கையாளர் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, “படத்துல இருக்கறது நீங்க இல்லையே” என்று சொல்லும் அந்த நிமிடத்தில் பேரம் தொடங்குகிறது. பேசிய தொகையில் பாதியைத்தான் தருவேன் என்பார் ஒருவர். எதுவும் பேசாமல் திரும்பிப் போய், போனதும் மோசமான மதிப்புரை எழுதுவார் இன்னொருவர். ஏமாற்றிவிட்டாய் என்று குரலை உயர்த்துபவரும் உண்டு. பெரும்பாலும் அந்தப் பெண் தனியாக இருப்பார், அறைக்கு முன்பணம் கட்டியிருப்பார், பக்கத்து அறைக்குச் சத்தம் கேட்டால் விடுதிக்காரர் வெளியேற்றிவிடுவாரோ என்ற அச்சமும் அவருக்கு இருக்கும். ஆகவே பழைய படத்தை வைத்துக்கொண்டிருப்பது அவரைப் பொறுத்தவரை தொழிலிடப் பாதுகாப்பைப் பற்றிய பிரச்சினை. என் தோழி எடை கூடும்போதெல்லாம் புதிய படங்கள் எடுத்துவிடுகிறார். அதனால் அழைப்புகள் குறைகின்றன என்பதும் அவருக்குத் தெரியும். வாசலில் தகராறு குறைகிறது, அது போதும் என்கிறார்.

சிலர் எடையை விட்டுவிட்டு ஆடை எண்ணை மட்டும் குறிப்பிடுகிறார்கள். இதில் பொய்யே தேவைப்படுவதில்லை. ஏனெனில் ஆடைத் தொழில் அந்த வேலையை ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. அமெரிக்காவில் 1958-இல் வகுக்கப்பட்ட தரநிலையில் ‘எண் 8’ என்பது இருபத்துமூன்றரை அங்குல இடையைக் குறித்தது. இன்று அதே எண்ணில் விற்கப்படும் உடையின் இடை அதைவிடப் பல அங்குலம் பெரியது. உடல்கள் பெருக்கப் பெருக்க, வாங்குபவர் மனம் கோணாதிருக்க உடையை அகலமாக்கி எண்ணை அப்படியே வைத்துக்கொண்டார்கள். துணிக்கடையில் யாரும் இதை ஏமாற்று என்று சொல்வதில்லை. வாசலில் நிற்கும் பெண்ணை மட்டும் ஏமாற்றுக்காரி என்கிறார்கள்.

இந்தத் தொழிலின் விளம்பரங்கள் எக்காலத்திலும் மெலிந்த உடலையே போற்றின என்று எண்ணிவிடக் கூடாது. 1757 முதல் 1795 வரை லண்டனில் ஆண்டுதோறும் ‘ஹாரிஸ் பட்டியல்’ என்ற கையேடு வெளிவந்தது. கோவென்ட் கார்டன் பகுதியில் தொழில் செய்த பெண்களின் தோற்றமும் இருப்பிடமும் கட்டணமும் அதில் விவரிக்கப்பட்டன. பூசினாற்போன்ற தேகம் அங்கே ஒரு குறையாக அல்ல, பாராட்டாகவே எழுதப்பட்டது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1897 முதல் 1917 வரை பாலியல் தொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்த ஸ்டோரிவில் பகுதியில், 1912-ஆம் ஆண்டையொட்டி இ. ஜே. பெல்லாக் எடுத்த ஒளிப்படங்களில் உள்ள பெண்களில் பலர், இன்றைய படிவத்தில் ‘மெலிந்தது’ என்ற தேர்வைக் குறிக்கவே முடியாதவர்கள். உணவு நிச்சயமில்லாத காலத்தில் சதைப்பற்று வளத்தின் அடையாளமாக இருந்தது. மலிவான உணவு எங்கும் கிடைக்கத் தொடங்கிய பிறகு மெலிவு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இது வெறும் ஊகமும் அல்ல. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டுக் கூடத்துக்குள் பசியோடு நுழையும் ஆண்களும் சாப்பிட்டுவிட்டு வெளியேறும் ஆண்களும் ஒரே படங்களை மதிப்பிட்டபோது, பசித்தவர்கள் சற்றுப் பருத்த உடல்களை விரும்பினர். அரை வேளைப் பசி ஒருவரின் ரசனையை நகர்த்த முடியும் என்றால், அந்த ரசனையை இயற்கையின் நிலையான கட்டளை என்று பேசுவதில் பொருளில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உடலும் படமும் எதிரெதிர்த் திசையில் நடந்தன. பிளேபாய் இதழின் நடுப்பக்கத்தில் 1953 டிசம்பர் முதல் 2001 டிசம்பர் வரை இடம்பெற்ற 577 பெண்களின் அளவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. அந்தக் காலம் முழுவதும் அவர்களுடைய உடல் நிறை குறியீட்டெண், அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பிளேபாயை வாங்கிப் படித்தவர்களின் உடல் எடையோ கூடிக்கொண்டே வந்தது. எஸ்கார்ட் விளம்பரங்கள் இணையத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அந்த நடுப்பக்கத்தின் அளவுகளையே தமக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டன. 48 நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எஸ்கார்ட்டுகளின் இணைய விளம்பரங்களை காட் சாத் என்ற ஆய்வாளர் 2008-இல் தொகுத்துப் பார்த்தபோது, அவர்கள் அறிவித்திருந்த இடை–இடுப்பு விகிதத்தின் சராசரி 0.72 என்று வந்தது, அதாவது இடையளவு இடுப்பளவில் 72 சதவீதம். அவர் அதை மனித இனத்துக்குப் பொதுவான ரசனைக்குச் சான்றாகக் கொண்டார். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த எண்கள் அளக்கப்பட்டவை அல்ல, அறிவிக்கப்பட்டவை. இத்தனை நாடுகளில் பெண்களின் இடை ஒன்றுபோல் இருந்தது என்பதற்கு அவை சான்றல்ல. எந்த எண்ணை எழுதினால் அழைப்பு வரும் என்பதை அத்தனை நாடுகளிலும் பெண்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்குத்தான் சான்று.

எடைக்கும் கட்டணத்துக்கும் உள்ள தொடர்பையும் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பெண் எஸ்கார்ட்டுகளின் விளம்பரங்களில், எடை கூடும்போது கேட்கும் கட்டணம் குறைவதைக் காண முடிகிறது. ஆண்களும் இதற்கு விலக்கல்லர். ஆண் எஸ்கார்ட்டுகளின் விளம்பரங்களைப் பற்றி டிரெவன் லோகன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், தசைக்கட்டுள்ளவர்கள் கூடுதலாகவும், பருத்தவர்களும் மிகவும் ஒல்லியானவர்களும் குறைவாகவும் கட்டணம் கேட்பது தெரியவந்தது. ஆனால் கேட்கும் கட்டணம் வேறு, மாத முடிவில் கையில் நிற்கும் வருமானம் வேறு. என் தோழியின் வருமானத்தில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் சிலரிடமிருந்து வருகிறது. அவர்கள் அவருடைய எடை கூடியதையும் குறைந்ததையும் பார்த்திருக்கிறார்கள். அதற்காக யாரும் வருவதை நிறுத்தவில்லை. விளம்பரத்தை மட்டும் எண்ணிப் பார்க்கும் ஆய்வுக்கு இவர்கள் அகப்படமாட்டார்கள்.

கட்டண ஆய்வுகளில் என்னை அதிகம் கலங்கவைத்தது எடையைப் பற்றியதே அல்ல. மெக்சிகோவில் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த தரவுகளைக் கொண்டு 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆணுறை வேண்டாம் என்பதற்காக வாடிக்கையாளர்கள் 23 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பதும், மிகவும் அழகானவர் என்று கருதப்படும் பெண்ணுக்கு அந்தக் கூடுதல் தொகை 47 சதவீதமாக உயர்வதும் கண்டறியப்பட்டது. பேரம் பேசும் வலிமை தோற்றத்தைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்பதே இதன் பொருள். ‘உன் உடம்புக்கு இவ்வளவுதான்’ என்று நாளெல்லாம் கேட்டுப் பழகிய ஒரு பெண், கட்டணத்தில் மட்டுமல்லாமல் ஆணுறையிலும், நேரத்திலும், செய்ய விருப்பமில்லாத ஒன்றை மறுப்பதிலும் விட்டுக்கொடுக்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். உடலை இழிவாகப் பேசுவது மனத்தைப் புண்படுத்தும் என்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். இந்தத் தொழிலில் அது நோய்த்தொற்று வரைக்கும் போகக்கூடியது.

பருத்த உடலுக்கென்று ஒரு தனிப் பிரிவு இத்தொழிலில் உருவானதும் அண்மைக்கால மாற்றம்தான். ‘பிபிடபிள்யூ’ (‘பருத்த அழகிய பெண்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற பெயரில் 1979-இல் கேரல் ஷா அமெரிக்காவில் தொடங்கிய இதழ், பருத்த பெண்களுக்கான உடைகளையும் தன்மதிப்பையும் பேசியது. பின்னர் அந்த மூன்றெழுத்தை வயதுவந்தோருக்கான படத் தொழிலும் எஸ்கார்ட் தளங்களும் எடுத்துக்கொண்டன. இதனால் நன்மை விளைந்ததை மறுக்க மாட்டேன். எண்பது, தொண்ணூறு கிலோ எடையுள்ள பெண்கள் தம் உண்மையான படத்தைப் போட்டு, தம்மையே தேடி வருபவர்களிடம் முழுக் கட்டணம் பெற்று வாழ வழி பிறந்தது. வாசலில் வாக்குவாதமும் அவர்களுக்குக் குறைவு. ஆனால் மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் நடுவில் இருக்கும் பெண்களுக்கு, அதாவது இன்றைய சராசரி உடலைக் கொண்ட பெரும்பான்மையினருக்கு, அந்தப் பட்டியலில் இடமில்லை. ‘வளைவானது’ என்ற தேர்வு அவர்களுக்காகத் தோன்றினாலும், 2010-களில் அது ஒடுங்கிய இடையும் அகன்ற இடுப்பும் கொண்ட ஒரு குறிப்பிட்ட வார்ப்பைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அந்த வார்ப்புக்காக வயிற்றுக் கொழுப்பை எடுத்துப் பின்புறத்தில் செலுத்தும் அறுவை சிகிச்சை பரவியது. மூவாயிரம் பேரில் ஒருவர் வரை உயிரிழக்கக்கூடும் என்று 2018-இல் அறுவை மருத்துவர் அமைப்புகளே எச்சரித்த சிகிச்சை அது.

எடை ஏறுவதற்கான காரணங்களில் சில இந்த வேலைக்குள்ளேயே இருக்கின்றன. இரவுப் பணி, நேரம் தவறிய உணவு, தூக்கமின்மை ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ளும் கருத்தடை ஊசி. மாதவிடாயும் நின்றுவிடக்கூடும் என்பதால் இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு அது வசதியானது. ஆனால் அந்த மருந்தின் சோதனைகளில் பெண்களின் எடை முதல் ஆண்டில் சராசரியாக இரண்டரை கிலோவும், நான்கு ஆண்டுகளில் ஆறு கிலோவுக்கு மேலும் கூடியது. வேலைக்காகப் போட்டுக்கொண்ட ஊசி, வேலைக்கான விளம்பர எண்ணைத் தாண்டி உடலைக் கொண்டுபோகிறது. அதற்கான பழி அவருடைய சோம்பல் மீதும் நாக்கின் மீதும் விழுகிறது.

மெலிவைச் சந்தை தண்டித்த இடங்களும் உண்டு. உகாண்டாவில் 1980-களின் தொடக்கத்தில் பரவிய எய்ட்ஸ் நோயை மக்கள் ‘ஸ்லிம்’ என்றே அழைத்தார்கள். அதே பெயரில் 1985-இல் லான்செட் இதழில் மருத்துவக் கட்டுரையும் வந்தது. அதன் பிறகு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ஒல்லியான உடல் நோயின் அறிகுறியாகவும், சதைப்பற்று நலத்தின் அறிகுறியாகவும் பார்க்கப்பட்டன. வங்கதேசத்தின் பாலியல் தொழில் விடுதிகளில் நடந்தது இன்னும் கொடியது. கால்நடைகளைக் கொழுக்கவைக்கப் பயன்பட்ட டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை, விடுதி நடத்துபவர்களுக்குக் கடன்பட்ட பெண்கள் உடல் பருக்க வேண்டும் என்பதற்காக நாள்தோறும் விழுங்கிவந்தது 2010-ஐ ஒட்டிச் செய்திகளில் வெளியானது. முகமும் உடலும் நீரேறி உப்புவதைத்தான் வாடிக்கையாளர்கள் ஆரோக்கியம் என்று கருதினார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறுவது, எலும்பு தேய்வது ஆகியவை ஒருபுறம் இருக்க, நீண்ட நாள் உட்கொண்ட பிறகு திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான மாத்திரை அது.

இப்போது காற்று மீண்டும் மெலிவின் பக்கம் பலமாக வீசுகிறது. செமாகுளுடைட் என்ற ஊசி மருந்து 2021 ஜூனிலும், டிர்செபடைட் என்ற ஊசி மருந்து 2023 நவம்பரிலும் எடைக் குறைப்புக்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. செமாகுளுடைட் சோதனையில் 68 வாரங்களில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டுக்குள் அதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறியது. உடல் பருமனால் அவதிப்படுவோருக்கு இவை பெரும் வரம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எஸ்கார்ட் தொழிலில் இவை புதிய சிக்கல்களையும் கொண்டுவருகின்றன. என் தோழியோடு பழகிய இன்னொரு பெண் ‘பருத்தது’ பிரிவில் நெடுநாள் தொழில் செய்தவர். மூட்டு வலிக்காக மருத்துவர் சொல்லி ஊசி போடத் தொடங்கியவருக்கு எடை குறையக் குறைய வலியும் குறைந்தது, அழைப்புகளும் குறைந்தன. பழைய வாடிக்கையாளர்கள் விரும்பிய உடல் இப்போது அவரிடம் இல்லை; மெலிந்தவர்களின் பிரிவில் அவரைச் சேர்த்துக்கொள்ளவும் யாருமில்லை. நலமா, வருமானமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை அவருக்கு வந்தது. அவர் ஊசியைத் தொடர்ந்தார். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன், ஆனால் அதன் செலவை அவர் ஒருவரே ஏற்க வேண்டியிருந்தது.

மருத்துவரிடம் தம் தொழிலைச் சொல்ல அஞ்சி, சீட்டில்லாமல் கிடைக்கும் இடத்தில் இவற்றை வாங்கிப் போட்டுக்கொள்பவர்களை எண்ணித்தான் எனக்கு அதிகக் கவலை. டிர்செபடைட் வாய்வழிக் கருத்தடை மாத்திரைகளின் பலனைக் குறைக்கக்கூடும். அதனால் தொடங்கிய நான்கு வாரங்களுக்கும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பிறகு நான்கு வாரங்களுக்கும் ஆணுறை போன்ற வேறொரு முறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று மருந்தின் குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வாந்தி எடுத்தாலும் மாத்திரையின் பலன் குறையும். இந்த ஊசிகளுக்கு வாந்தி பரவலான பக்கவிளைவு. கருத்தரிக்க எண்ணினால் செமாகுளுடைட்டை இரண்டு மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். இந்தத் தகவல்களை மெலிவுக்கான ஊசி விளம்பரங்களில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. பாலியல் தொழிலாளர்களுக்கான நல மையங்களில் ஆணுறை வழங்கும் மேசையிலேயே, யார் என்ன வேலை செய்கிறார் என்று விசாரிக்காமல், இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊசி எங்கே வாங்கியது என்று கேட்டு முகம் சுளிக்காத ஒரு செவிலியர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், வாங்கியதைப் பையிலிருந்து எடுத்துக் காட்டப் பலர் தயாராகவே இருக்கிறார்கள்.